விரிசல் விட்ட இன்ஜினும் திருப்புளியாரும்

அம்மனிடம் தீர்ப்புக் கேட்டுவிட்டு, அந்தத் தீர்ப்பின் மேலேயே அப்பீலுக்கும் போன மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் திருப்புளியார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் டெலிவரி சலான் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே மெஷின் ஃபிட்டராக இருந்தார் அவர். அசல் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அக்கா. ஏதாவது மெஷின் மக்கர் செய்தால், ஒரு முழ நீளத் திருப்புளியின் முனையை அதன் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடுவார்.

"பதினாறாவது ஊசி மொணகுதுங்க" என்பார்.

கழற்றிப் பார்த்தால் பதினேழாவது ஊசி வளைந்திருக்கும். ஒரு ஊசி தப்பிவிட்டதே என்ற துக்கத்தில் அன்று மதியம் சாப்பிடமாட்டார்.

இவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. நம்புங்கள். நாற்பது வருஷத்துப் பழைய வெளிநாட்டுக் கார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. ஊட்டியில் ஒரு எஸ்டேட் குடோனில் தேயிலைச் சாக்குகளுக்கு அடியில் கிடந்ததைக் கெஞ்சி வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வெயில் படக்கூடாதென்று எக்ஸ்போர்ட்டில் கழித்த துணியை எடுத்து, அளவெடுத்து, கழுத்துக்கு ரிப் பட்டி வைத்து உறையும் தைத்துப் போட்டிருந்தார். திருப்பூரில் எல்லோரும் பனியன் தைத்தார்கள், காருக்குப் பனியன் போட்டவர் இவர் மட்டும்தான்.

ஒரே ஒரு குறை, கார் ஓடாது. ஊட்டிக் குளிரில் உள்ளே இருந்த தண்ணீர் உறைந்து, இன்ஜினின் இரும்பு பிளாக்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். ஆறு வருஷமாக அவர் மனைவி அந்தக் காரைத் துடைத்திருக்கிறார், கும்பிட்டிருக்கிறார், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்திருக்கிறார். ஆனால் அது ஓடிப் பார்த்ததில்லை. "அடுத்த பொங்கலுக்கு ஊட்டிக்குப் போறமுங்க அம்மிணி" என்று அண்ணன் சொல்லிச் சொல்லியே ஆறு பொங்கல் ஓடிவிட்டது.

கோயமுத்தூரிலிருந்து பழைய கார் நிபுணர் ஒருவர் வந்தார். பேன்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாத நிபுணர். பிளாக்கைத் தடவிப் பார்த்தார்.

"இது முடிஞ்சு போச்சுங்க. விரிசல்ல கைய வெச்சா மொத்தமாப் பொளந்துக்கும். இன்னொரு பிளாக் இந்தியாவுலயே கெடைக்காது. பேசாம வேன் டீசல் இன்ஜின் ஒண்ணத் தூக்கி வெச்சுருங்க, அடுத்த வாரம் ஊட்டி போயிரலாம்."

"ஊசி ஒடஞ்சா ஊசிய மாத்துவமுங்க, மெஷினையா மாத்துவம்?" என்றார் திருப்புளியார். சொல்லிவிட்டாரே தவிர, பயம் பிடித்துக்கொண்டது. ரிப்பேர் தப்பினால் அந்த இன்ஜினை ஆண்டவனே வந்தாலும் திருப்பித் தர முடியாது. டீசலை வைத்தாலோ அது வேறு கார். ஒரு மாதம் மனுஷர் தூங்கவில்லை. மெஷின் மேல் திருப்புளியைத் தலைகீழாக ஊன்றியதை நானே பார்த்தேன்.

கடைசியில் குண்டடம் பக்கத்து அம்மன் கோயிலுக்குப் பூக் கேட்கப் போனார். நானும் துணைக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பழைய இன்ஜினையே சரிசெய்வது, சிவப்பு வந்தால் மாற்றிவிடுவது.

சிவப்பு வந்தது.

"பூசாரி கேள்விய வெரசலாக் கேட்டுப்போட்டாருங்க. அம்மனுக்குச் செரியாக் கேட்டிருக்காது" என்றார் திருப்புளியார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். மறுபடியும் சிவப்பு.

"அந்தப் பாப்பா போட்டிருந்த கவுனு செவப்பு. அதுக்கு அந்தக் கலருதான் புடிக்கும்" என்றார். மூன்றாவது வெள்ளி, பச்சைக் கவுன் போட்ட குழந்தையாகத் தேடிப் பிடித்தார். அதுவும் சிவப்பையே எடுத்தது. பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார், அம்மனை அல்ல, இவரை. "சாமி, இனி பல்லடம் பக்கம் வேற கோயில் பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவரிடம் அக்கா காப்பியை நீட்டினார்.

"மூணு வாரம் அம்மனக் கேட்டீங்க. கோயமுத்தூர்க்காரரக் கேட்டீங்க. ஆறு வருசமாத் தொடைக்கறனே, என்னைய ஒருக்கா கேட்டீங்களா?"

"நீ சொல்லு அம்மிணி."

"ஊட்டிக்குப் போகோணும்னா நான் பஸ்ஸுலயே போயிருப்பனுங்க. இந்த இன்ஜினு எப்படிச் சத்தம் போடும்னு கேக்கோணும். பொளந்தா பொளந்துட்டுப் போவுது, பனியன் போட்டு வெச்சுக்கலாம்."

அவ்வளவுதான், அப்பீல் முடிந்தது. ஆனால் சாமி குத்தம் வந்துவிடக்கூடாதே? மறுநாளே காருக்கு நாலு டயரையும் புதிதாக மாற்றினார். "அம்மன் மாத்தச் சொன்னா. எதைன்னு சொல்லலீங்களே!"

இன்ஜின் வேலையும் திருப்பூர் முறைப்படியே நடந்தது. இந்த ஊரில் எதையும் ஒரே இடத்தில் செய்யமாட்டோம். நூல் ஒரு இடம், சாயம் ஒரு இடம், தையல் ஒரு இடம். அதேபோல் இன்ஜினும் ஜாப் ஒர்க்குக்குக் கிளம்பியது. வால்வு பல்லடம் லேத்துக்கு, கிராங்க் கோயமுத்தூருக்கு. எல்லாவற்றுக்கும் நான்தான் சலான். பிஸ்டன்களைத் துணியில் சுற்றி மூட்டை கட்டி அனுப்பியபோது, பழக்க தோஷத்தில் சாயப்பட்டறை பெயரை எழுதிவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது.

"ஏனுங்க, உங்க மூட்டையில நாலு பிஸ்டன் இருக்குதுங்க. என்ன கலரு போடோணும்?"

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "கேட்டுட்டுப் போட நெனச்சானே, நல்ல பட்டறைங்க" என்றார்.

விரிசலை மட்டும் வேறு எவர் கையிலும் கொடுக்கவில்லை. பிளாக்குக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விரிசல் நெடுகச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு திருகாணி முறுக்கி, தலையைத் தட்டி மழித்து, அதை ஒட்டி அடுத்த ஓட்டை. இரும்பைத் தைத்தார் மனுஷர்! டிரில் கொஞ்சம் சறுக்கினாலும் பிளாக் போயிற்று. பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் தைத்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு துளி கசியவில்லை. கோயமுத்தூர் நிபுணர் வந்து, தையலைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அப்புறம் முதல் தடவையாக அவர் பேன்ட்டில் எண்ணெய் பட்டது, மண்டியிட்டுப் பார்த்ததில்.

இன்ஜினைத் திரும்பப் பூட்டி, ஊருக்குள் ஓட்டிப் பழக்கிவிட்டு, ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அண்ணனும் அக்காவும் ஊட்டிக்குக் கிளம்பிப் போனார்கள். மதியம்வரை எனக்கு வேலை ஓடவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டினால் ஏற்றம். கொண்டை ஊசி வளைவில் தையல் பிரிந்தால்?

இரண்டரை மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை. தட தடவென்று ஒரு சத்தம், நல்ல கனமான, இருமல் இல்லாத சத்தம். பேக்கிங் பெண்கள், டெம்போ டிரைவர், முதலாளி என்று எல்லோரும் ஓடிவந்தார்கள். ரிசீவர் கை மாறிக்கொண்டே இருந்தது. முதலாளி, "நம்ம ஃபிட்டருங்க!" என்று டெம்போ டிரைவரிடம் சொல்கிறார், என்னவோ அவனுக்குத் தெரியாததுபோல. கடைசியில் என்னிடம் வந்தபோது அக்காவின் குரல் கேட்டது.

"ஊட்டி வந்துட்டமுங்க தம்பி. கேக்குதுங்களா? உங்கண்ணன் ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாரு. இத்தன நேரம் செல்போன இன்ஜினுகிட்டயே புடிச்சுட்டு அழுதுட்டு நின்னாரு, நாந்தான் வாங்கிப் பேசறனுங்க."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும், ஊட்டி மேட்டில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தை என்னைக் கேட்க வைக்க அவனுக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.