அப்பீலும் ஒரு ‘லா’வும்

முதலில் மன்னிப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்னமும் குழப்பம்தான். பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் என்ன பிழை என்று முழுதாகச் சொல்லிவிடட்டும். ஓர் எழுத்து, இரண்டு எழுத்தில் முடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

கணினியில் வந்த எழுத்தோடு வாய்விட்டுச் சண்டை போட்டு, அது பதில் சொல்லும் என்று காத்திருந்த ஆள் மலேசியாவிலேயே ஒருத்திதான். பிரிக்பீல்ட்ஸில் நான் தேத்தண்ணீர் கலக்கும் கடைக்கு வந்துகொண்டிருந்த பல்கலைக்கழக மாணவி. நாங்கள் வைத்த பெயர் அப்பீல். சீனியைக் குறைக்கச் சொல்வாள். குறைத்துக் கொடுத்தால், இனிப்பு போதவில்லை என்று முதலாளியிடம் அப்பீல் செய்வாள்.

இப்போதெல்லாம் பிள்ளைகள் கட்டுரையைத் தாளில் கொடுப்பதில்லையாம். கணினியில் அனுப்பினால், விரிவுரையாளர் வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் பெட்டி போட்டுக் கருத்து எழுதி அனுப்புகிறார். அப்பீலின் தோழிகள் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலேயே சாப்பிட மீ கோரேங் சொல்லிவிடுவார்கள். ஒருத்தி எல்லாவற்றுக்கும் கும்பிடுகிற கை படத்தை அனுப்பிவிடுவாள். படித்துப் பார்க்க மாட்டாள். ஒரு மனிதர் கண் வலிக்க எழுதியிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வரும். சொல்லத்தான் வாய் வராது.

அப்பீல் அப்படியல்ல. காற்றாடியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியைச் சொருகுவாள். கடையே வியர்க்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் சத்தமாகப் பதில் சொல்வாள். ஒருமுறை அவளுடைய ஒரு வரிக்கு ‘புரியவில்லை’ என்று வந்திருந்தது. அந்த வரியை, சாப்பிட்டுக்கொண்டிருந்த லோரி ஓட்டுநரிடம் படித்துக் காட்டிப் புரிகிறதா என்று கேட்டாள். அவர் வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினார்.

“பாருங்கண்ணே, பசியில இருக்கிறவருக்கே புரியுது. சாருக்குப் புரியலையாம்.”

கடைசிப் பருவத்தில்தான் வினை வந்தது. பெரிய கட்டுரையின் முதல் வரைவுக்குக் கருத்து வந்தது. திருத்தி, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் இன்னொரு பருவம் படிக்க வேண்டும். அவள் அப்பாவுக்கு வேலை போய் ஏற்கனவே ஒரு பருவம் நின்றவள். மறுபடியும் என்றால், கிள்ளானில் வீட்டார் படிப்பையே நிறுத்திவிடுவார்கள்.

அவளுக்கு எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கும் பழக்கம். அங்கிருந்த பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டே சொல்: ‘ஓகே லா’. எங்கள் ஊரில் பேச்சின் வாலில் சும்மா ஒட்டுகிற அதே ‘லா’.

“ஓகேன்னா ஓகே. அது என்ன ஓகே லா?” என்று அவள் குமுறினாள்.

ரொட்டி போடும் மாஸ்டர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். “மாப்பிள்ளை பார்த்துட்டு வந்து ஓகே லான்னு சொன்னா, வேணாம்னு அர்த்தம்மா.”

அவ்வளவுதான். அந்த ‘லா’வுக்கு விளக்கம் வரும்வரை மற்ற பெட்டிகளைத் திறப்பதில்லை என்று சபதம் போட்டாள். சாருக்கு மின்னஞ்சலும் அனுப்பினாள். பதில் இல்லை. எனக்கும் கொதித்தது. எங்கள் காலத்து வாத்தியார் காதைத் திருகுவார். ஆனால் எதற்குத் திருகினார் என்றாவது சொல்வார். மாதக்கணக்கில் எழுதிய பிள்ளைக்கு ஒரு ‘லா’வா?

வெள்ளிக்கிழமை மதியம் சாரின் குரல் பதிவு வந்தது. கடை முழுக்கக் கேட்கும்படி வைத்தாள்.

“என்னம்மா லா? அது எல், ஏ. மலாய்ல லம்பிரான் ஏ. அந்தப் பின்னிணைப்பு சரியா இருக்குன்னு போட்டேன். மத்த பெட்டியெல்லாம் பார்த்தீங்களா இல்லையா?”

மாஸ்டர் மாவுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்பீல் அன்றுதான் முதல்முறையாக வாய் பேசாமல் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பி முடித்தாள். ‘லம்பிரான்’ என்று முழுதாக எழுதினால் அந்தப் படித்த மனிதருக்கு விரல் தேய்ந்தா போகும்? இன்றும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

முடிவு வந்த நாள், நான் தே கலக்கும், யாரையும் உள்ளே விடாத தண்ணீர் மேசைக்குப் பின்னால் ‘அண்ணே’ என்று கத்திக்கொண்டே நேராக வந்து, கைப்பேசியை என் முகத்துக்கு முன் நீட்டினாள். எல்லாம் ஆங்கிலம். எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், விளங்கியது.

என்ன சத்தம் என்று முதலாளி கேட்டார்.

“தங்கச்சி பாஸாயிட்டா முதலாளி” என்றேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

எழுதியது: தீபாவளிக்கு மறுநாள், கடை விடுமுறை.