காருக்குக் குளிர்ந்த காற்று

படிக்காதவன் முட்டாள்தனம் செய்தால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். படித்தவன் விளக்கம் சொல்லுவான். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ஆகவே இதில் விளக்கம் கொஞ்சம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா இல்லாத என்னை ஆரணியில் வளர்த்துப் படிக்க வைத்தவர் என் பெரியப்பா. பட்டுப்புடவை வியாபாரி. அவரிடம் ஒரு கிழட்டு அம்பாசிடர் இருந்தது; ஓட்டுவது நான். அந்தக் கோடையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்திருந்தார். வந்ததும் ஒரே அவசரம். "நான் இருக்கும்போதே வசந்தாவுக்கு முடிச்சிடணும்டா" என்று தன் ஒரே மகளுக்குச் செய்யாறில் மாப்பிள்ளை பார்த்தார். பையனுக்கு வங்கி வேலை. மே மாதத்தில் ஒரு மாலை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களைக் காரில் அழைத்து வர வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அது ஒன்றுதான். (பந்தல், பாயசம் போன்றவற்றை என்னிடம் ஒப்படைக்காத அளவுக்கு அவர்களுக்கு அனுபவம் இருந்தது.)

அந்தச் சமயம் பார்த்து, பஹ்ரைனிலிருந்து வந்த சிநேகிதன் ஒருவன் எனக்கு ஒரு பரிசு கொடுத்தான். வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று. அதன் நுனியில் மாட்ட, கூம்பு போல ஒரு காற்று வடிகட்டி. அங்கே காருக்கு இதைத் தனியாக வாங்கி மாட்டுவார்களாம். விஷயம் எளிது. காரின் என்ஜின், பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுத்துக்கொண்டிருக்கிறது. பழைய வடிகட்டியைக் கழற்றிவிட்டு இந்தக் குழாயை மாட்டி, வாயை வண்டியின் முகப்புக்குக் கொண்டுவந்தால் வெளியிலிருந்து குளிர்ந்த காற்று போகும். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். அடர்த்தி கூடினால் பெட்ரோல் நன்றாக எரியும், சக்தி கூடும். மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோவார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் மாட்டினேன். இணைப்புக்குச் சரியான ரப்பர் இல்லாததால் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். வண்டியைக் கிளப்பியதும் யானை தும்பிக்கையால் தண்ணீர் உறிஞ்சுவது போல ஒரு சத்தம்.

பெரியப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னாடா, எனக்குத்தான் மூச்சு வாங்குதுன்னு பாத்தா வண்டிக்கும் வாங்குது?"

"அதுக்கு இப்பதான் பெரியப்பா நல்லா மூச்சு வருது."

"சாயங்காலம் வரைக்கும் வந்தா போதும்" என்று சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தேன். பழைய வேகம்தான். யோசித்தபோது காரணம் புரிந்தது. கத்திரி வெயில். ஆரணியில் வெளிக்காற்றும் அடுப்படிக் காற்றும் ஒன்றுதான். எங்கே போவது குளிர்ந்த காற்றுக்கு? இங்கேதான் என் படிப்பு கைகொடுத்தது. நேராக ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.

"ரெண்டு பெரிய பாளம், முழுசா" என்றேன். நாலு டம்ளர் சர்பத்துக்குப் போதுமானதை வாங்கியிருக்கலாம். ஆனால் குறைவாகச் செய்வது என் பழக்கமில்லை.

அங்கிருந்தவர் பெரியப்பாவின் காரைப் பார்த்தார். பெட்ரோல் பட்டுச் சிவந்திருந்த என் கண்ணைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பாளங்களை உமியில் பொதிந்து, சாக்குச் சுற்றி, தானே டிக்கியில் ஏற்றினார். "காசு கெடக்குது, நீங்க ஜல்தியா வூட்டுக்குப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெரியப்பாவுக்கு ஊரில் இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்தேன். வழியில் ஒருவர் என் வண்டியைப் பார்த்துச் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.

வீட்டு வாசலில் பாளங்களை இறக்கி, ஒன்றை உடைத்தேன். எண்ணெய் டின் ஒன்றை முன்பக்கம் வைத்துக் கட்டி, அதில் உமியும் ஐஸுமாக நிரப்பி, குழாயின் வாயை உள்ளே விட்டேன். கூம்பு வடிகட்டி டின்னுக்குள் நுழையவில்லை. அதைக் கழற்றித் தூக்கிப் போட்டேன். (அந்தப் பரிசில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான்.)

காருக்கு அடியில் படுத்துக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது கால்கள் வந்தன. செருப்பில்லாத கால்கள். இரண்டு, நாலு, பத்து. மாப்பிள்ளை வீட்டார் முன்னதாகவே வந்துவிட்டார்கள் என்று பதறி, அடியிலிருந்தே வரவேற்றேன்.

"வாங்க, வாங்க! உள்ள போங்க. கேசரி சூடா இருக்குது!"

மேலே ஒரு குரல் தழுதழுத்தது. "பாவம், புத்தி பேதலிச்சிப் போச்சி. பெத்த புள்ள மாதிரி வளத்தாரில்ல."

வெளியே வந்து பார்த்தேன். தெருவில் பாதிப் பேர் எங்கள் வாசலில். முன்னால் ஏகாம்பரம். பெரியப்பாவுக்குத் தொழிலில் போட்டி. பேச்சுவார்த்தை நின்று பல வருடம். அவர் கையில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. கண்ணில் நிஜமான கண்ணீர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியூர் உறவுகள் வந்து சேரும்வரை உடலைக் கெடாமல் வைக்க, எங்கள் ஊரில் அன்று ஒரே வழிதான் இருந்தது. நெஞ்சுவலிக்காரர் வீட்டுக் கார், கத்திரி வெயிலில், முழுசாக இரண்டு ஐஸ் பாளங்களோடு பஜார் வழியே போயிருக்கிறது.

அதற்குள் சத்தம் கேட்டுப் பெரியப்பா பனியனோடு வெளியே வந்தார். கூட்டம் இரண்டடி பின்னால் போனது.

"இன்னா ஏகாம்பரம், இத்தினி வருசம் கழிச்சி? மாலை யாருக்கு?"

ஏகாம்பரம் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"கேக்கறன்ல, யாருய்யா செத்தது?"

ஏகாம்பரம் எந்த நிலையிலும் மரியாதை தவறாதவர். "நீங்கதாங்க" என்றார்.

கரண்டியோடு ஓடிவந்த பெரியம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா ஐஸைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஏகாம்பரம் அடுத்த குண்டைப் போட்டார். "சம்பந்தி வூட்டுக்காரங்க பஸ் ஸ்டாண்டுல எறங்கி, சேதி கேட்டுட்டாங்க. வரிசைத் தட்டோட சாவு வூட்டுக்கு வரக் கூடாதுன்னு செய்யார் பஸ்ஸுல ஏறிக் குந்திகினு இருக்காங்க."

உள்ளே பட்டுப்புடவையும் பூவுமாக நின்றிருந்த வசந்தா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அவள் அழவில்லை. "அண்ணா, நீயாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

"எடுடா வண்டிய" என்றார் பெரியப்பா. "நான் உசிரோட இருக்கறத அவங்க கண்ணால பாக்கணும்."

கிளப்பினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், கார் பறந்தது. பஜார் முனைவரை பறந்தது. அங்கே உமியும் ஐஸ் தண்ணீரும் குழாய் வழியே என்ஜினுக்குள் போய், வண்டி வெடிச்சத்தத்தோடு விக்கி, நடுவீதியில் நின்றது.

பின்னாலேயே சைக்கிளில் வந்த ஏகாம்பரம், "ஏறுங்க" என்றார். பெரியப்பா கேரியரில் உட்கார்ந்தார். ஹேண்டில்பாரில் அந்த மாலை. மரியாதைக்காகப் பாதி சாத்தியிருந்த ஜவுளிக்கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி, தன் சாவுக்கு அடைத்த பஜார் வழியே அவர் போனார். ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். பொய்ச் சேதியை நானே மெய்யாக்கிவிடுவேனோ என்ற பயத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. பெரியப்பா படியேறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்கச் சொன்னார். "நான்தாங்க பொண்ணோட அப்பா. சாவல. தட்டெடுத்துகினு எறங்குங்க."

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். "அப்ப ஐஸ் எதுக்குங்க?"

"எங்க பையன் காருக்குப் போட்டான்."

செத்தவர் எழுந்து வந்ததை நம்பியவர்கள், காருக்கு ஐஸ் போட்டதை நம்பவில்லை. எல்லாரும் இறங்கி, தட்டுகளோடு ஊர்வலமாகப் பஜார் முனைக்கு நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை பானட்டைத் திறக்கச் சொல்லி, குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுக்க உமி. என்னிடம் "எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். விரலைத் துடைத்துக்கொண்டார்.

செத்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்ல, நிச்சயதார்த்தம் நடந்தது. ஒரே நிபந்தனை, மாப்பிள்ளையின் அம்மா போட்டது: அந்தப் பையன் கண்ணில் படக் கூடாது. தட்டு மாற்றும்போது நான் கொல்லையில் உட்கார்ந்து கார்புரேட்டரில் உமி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணத்தில் வசந்தா கையில் பொரி போட அண்ணனாக நான் நிற்க வேண்டிய இடத்தில், ஏகாம்பரத்தின் மகன் நின்றான்.

ஆயுசு கெட்டிதான். பெரியப்பா பேரன் பேத்தி எடுத்து, பல வருடம் கழித்து ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போனார். நான்தான் செய்யாறுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மாப்பிள்ளை. சொன்னேன். சிரித்தார். "இந்த வாட்டி வண்டியில இன்னா மாட்டினீங்க மச்சான்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டு நான் அழுதேன். அப்போதும் "ஏகாம்பரத்த பேசச் சொல்லுங்க" என்றார். ஏகாம்பரம் வந்து பேசிய பிறகுதான் கிளம்பினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் சாவுச் சேதி சொல்லும் பொறுப்பு எனக்குக் கிடையாது. கல்யாணச் சேதி மட்டும் சொல்லலாம். அதையும் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள்.