தலையாட்டலுக்குத் தொண்ணூற்றெட்டு மார்க்கு

கூச்சப்படுகிற ஆளிடம் "புரிந்ததா?" என்று கேட்கவே கூடாது. இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடுவான். நான் அப்படித் தலையாட்டியே ஒரு கம்ப்யூட்டரைக் கெடுத்தவன். (ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இது சின்னச் சாதனை இல்லை.)

தொண்ணூறுகளின் கடைசி. நான் கேரள எல்லையில், பாறசாலையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவி லீலாவின் தம்பி செல்வின், நெய்யாற்றின்கரையில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டரும் கையுமாக இருந்தான். மென்பொருள் எழுதுமுன் அதைப் பெட்டியும் அம்புமாகப் படம் வரைவார்களாம். அந்தப் படம் எவ்வளவு எளிதில் புரியும் என்று கம்ப்யூட்டரே மார்க்குப் போட ஒரு புரோகிராம் செய்தான். திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு அது பிடித்துவிட்டால் அவனுக்கு அங்கே வேலை.

"மனுசனுக்கு எது மனசிலாவும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது அத்தான். நீரு சொல்லும், நான் அதுக்குப் படிப்பிச்சுக் குடுக்கேன். உமக்கு மனசிலானா எவனுக்கும் மனசிலாவும்."

(மரியாதையாகத்தான் சொன்னான்.)

ஒவ்வொரு படமாகக் காட்டி, "மனசிலாச்சா?" என்றான். ஆட்டினேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்தபிறகு எல்லாப் படத்துக்கும் ஆட்டினேன். ஒவ்வோர் ஆட்டலையும் அவன் நல்ல மார்க்காகக் கம்ப்யூட்டருக்குப் படிப்பித்தான்.

கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வந்தார். கையோடு கொண்டுவந்த படத்தைக் கொடுத்தார். ஊர்ச் சிலந்திகள் எல்லாம் கூடி வலை கட்டியதுபோல் இருந்தது. செல்வின் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு!

"இது வரச்ச ஆளினு போலும் மனசிலாயிட்டில்லல்லோ!" என்றார் மேடம். வரைந்தவனுக்கே புரியாத படமாம்.

செல்வின் என்னை முன்னால் தள்ளினான். "எங்க அத்தானுக்கு மனசிலாவும் மேடம். அஞ்சாங்கிளாசாக்கும்!"

"எங்கில் சேட்டன் ஒண்ணு பறயூ."

நானே சொல்லிக் காட்ட வேண்டுமாம். ஒன்றின்மேல் விரலை வைத்தேன். "இது... பெட்டி."

"சரி. இதோ?" என்று மேடம் அடுத்ததைக் காட்டினார்.

"அம்பு."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"பாக்கி?" என்றான் செல்வின், ஈனக்குரலில்.

"ஒண்ணும் மனசிலாகல்ல மக்கா."

"பின்ன எதுக்கு ஓய் தலையாட்டினீரு?"

"நீ ஆசையா கேட்டியே..."

வாயைத் திறந்து பேசும் ஆளை வைத்து மறுபடி படிப்பித்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார் மேடம். செல்வின் தன் அக்காளைக் கூட்டிப்போனான். லீலா முதல் படத்திலேயே, "இந்த அம்பு எதுக்குலே சுத்தி வளைச்சு வந்து இங்க முட்டுது?" என்று சண்டை பிடித்தாள். அவள் சண்டை பிடித்த படங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரும் மார்க்கைக் குறைக்கப் பழகியது. செல்வினுக்கு வேலை கிடைத்தது.

இன்றைக்கும் டாக்டரோ போதகரோ ஏதாவது சொல்லி நான் தலையாட்டினால், பக்கத்திலிருந்து லீலா, "தொண்ணூத்தெட்டு!" என்பாள். அதற்கும் ஆட்டிவைப்பேன்.