சாக்குச் சொல்லாத வீடு

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஆர்லீன் விட்ஃபீல்டுக்குத் தலை பின்னிவிடும் லவோண்டா சொன்னது. எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வது அவள் வழக்கம் என்பதால் நான் கொஞ்சம் குறைத்தே எழுதியிருக்கிறேன். நம்ப முடியாத இடம் எதுவும் வந்தால், அது குறைத்த பிறகும் மிஞ்சியது.

ஆர்லீனின் கணவர் கார்னெல் ஒரு காலத்தில் பேர்பெற்ற அமெரிக்கக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர். அவர் மேல் மோதி விழுந்தவர்களில் மூன்று பேர் இப்போது பாதிரியார்கள். ஓய்வு பெற்றதும் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நிறவெறி என்று ஒன்று கிடையாது. அப்படியே இருந்தாலும், காலையில் நேரத்தோடு எழுந்திருக்காதவர்களைத்தான் அது பிடிக்கும். கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் போய், "சாக்குச் சொல்லாதே!" என்று முழங்கினார். வங்கிகளின் ஆண்டு விழாக்களிலும் முழங்கினார். பிள்ளைகளைவிட வங்கிக்காரர்கள் அதிகமாகக் கைதட்டினார்கள்.

எதிர்வீட்டில் பேராசிரியர் தியோடர் மேபின் இருந்தார். அவரும் கறுப்பர்தான். எல்லாவற்றுக்கும் காரணம் அமைப்பு என்பது அவர் கட்சி. இருவரும் தொலைக்காட்சியில் ஒருமுறை மோதிக்கொண்டார்கள். அதன்பிறகு ஒருவர் குப்பைத் தொட்டியை ஒருவர் தள்ளி வைப்பதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

ஆர்லீனுக்கு இரண்டு கட்சிக்கும் நேரமில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவள் பிறந்து வளர்ந்த பேட்டையின் ஸ்கேட்டிங் அரங்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பேட்டையே அங்கே சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றும். அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார். ஒரு கிடங்குக் கம்பெனி பணத்தோடு காத்திருந்தது. ஆர்லீனுக்காக மாதக் கடைசி வரை பொறுப்பதாக அவர் சொல்லியிருந்தார்.

கார்னெலிடம் ரொக்கம் இல்லை. பாதி ஒரு குடிநீர்க் கம்பெனியில் முங்கிப்போயிருந்தது; மீதி முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தது. ஆகவே வீட்டின் பேரில் கடன் கேட்டார்கள். வங்கி, வீட்டை மதிப்பிட ஹார்லன் ப்ரூவிட் என்ற வெள்ளைக்காரரை அனுப்பியது.

ப்ரூவிட் வந்தார். கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படங்களைப் பார்த்தார். தேவாலயத் தொப்பியோடு சிரிக்கும் கார்னெலின் அம்மாவைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு, "சந்தையின் மனநிலையை உரிய நிதானத்துடன் கருத்தில் கொண்டு" ஒரு தொகையை எழுதினார்.

"ரெண்டு வீடு தள்ளி இதே அளவு, இதே செங்கல். அவங்க வித்த விலையில பாதிக்குக் கொஞ்சம் மேல போட்டிருக்கான் பாரு," என்றாள் ஆர்லீன்.

"அவங்க கூரையப் பாத்தியா? நம்மளது பழசு. குறை நம்மகிட்டதான்."

கூரையை மாற்றினார்கள். ப்ரூவிட் மறுபடி வந்தார். தொகை இன்னும் இறங்கியது. அறிக்கை சொன்னது: "அண்மையில் பழுது பார்க்கப்பட்டுள்ளமை, பழுது இருந்தமைக்குச் சான்றாகும்."

கார்னெல் அதை இரண்டு தடவை படித்தார். "நியாயமாத்தான் எழுதியிருக்காரு," என்று சொல்லிவிட்டுப் புல் வெட்டப் போனார்.

ஆர்லீன் தலை பின்னப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் லவோண்டாவின் கை நின்றது.

"அக்கா, வீட்டை வெளுக்காமயா ஆளைக் கூப்பிட்டீங்க?"

"சுண்ணாம்பு அடிக்கிறதா?"

"சுண்ணாம்பா! நம்ம படத்தையெல்லாம் இறக்கிட்டு, கதவைத் திறக்க ஒரு வெள்ளைக்காரனை நிறுத்துறது. ஊரே செய்யுது. நீங்க பெரிய இடம், உங்களுக்கு யாரும் சொல்லல போல."

ஆர்லீனுக்குத் தெரிந்த வெள்ளைக்காரன் நீச்சல் குளம் சுத்தம் செய்ய வரும் டேல் ஒருவன்தான்.

"எனக்கு முதலாளி மாதிரி நிக்கத் தெரியாதும்மா," என்றான் டேல்.

"சும்மா நில்லு போதும். மிச்சத்தை அவரே நினைச்சுக்குவாரு."

படங்கள் இறங்கின. கோப்பைகள், தொப்பிகள், தலைக்குப் பூசும் எண்ணெய், சீப்பு, பாதிப் புத்தகங்கள் எல்லாம் பரணுக்குப் போயின. அம்மா இருந்த இடத்தில், டேலின் மாமா ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் ஏறியது. கார்னெல் மட்டும் இறங்க மறுத்தார்.

"என் வீட்ட விட்டு நான் எதுக்குப் போகணும்? ஓடுறது பொறுப்பில்ல."

"அப்ப இரு. ஏணி மேல ஏறி அந்தச் சரவிளக்கைத் துடை."

உழைப்பு என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை. ஆர்லீன் சாமான் அறைக்குள் நுழைந்து கதவிடுக்கில் கண் வைத்தாள்.

ப்ரூவிட் உள்ளே வந்து மூச்சை இழுத்துவிட்டார். "இந்தத் தெருவுக்கு ரெண்டு தடவை வந்திருக்கேன். இப்படி ஒரு வீடு என் கண்ணுல படவே இல்லையே! கூரை புதுசுங்களா?"

"ஆமாங்க," என்றான் டேல்.

"பாத்தீங்களா! பழுது வர்றதுக்கு முந்தியே மாத்தியிருக்கீங்க. இதான் முன்யோசனை." அண்ணாந்து பார்த்தார். "ஆள் நல்லாத் துடைக்கிறானே. எங்க பிடிச்சீங்க?"

"அவரு... இங்கயேதாங்க இருக்காரு."

"விட்டுடாதீங்க. இந்தக் காலத்துல இவ்வளவு பொறுப்பான ஆள் கிடைக்கிறதே கஷ்டம்."

"ரொம்ப நன்றிங்க ஐயா," என்றார் கார்னெல், ஏணியிலிருந்து. கண் கலங்கியிருந்தது. உள்ளே ஆர்லீன் துண்டைக் கடித்துக்கொண்டாள்.

தொகை வந்தது. இரண்டு வீடு தள்ளி விற்ற விலையையும் தாண்டி நின்றது. ஆர்லீன் காகிதத்தைக் கணவர் முன் வைத்தாள்.

"இப்பவாவது சொல்லு, கார்னெல்."

"சொல்றேன். முதல் ரெண்டு தடவை நான் கையில துணி எடுக்கல. மூணாவது தடவை எடுத்தேன். ஏறிடுச்சு. சாக்குச் சொல்லாம உழைச்சா..."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு. ஆறிப்போகுது."

அன்று சாயங்காலம் பேராசிரியர் பின்வாசல் வழியாக வந்தார். "சிஸ்டர் ஆர்லீன், கேள்விப்பட்டேன். கொடுமை. என் புத்தகத்துல ஏழாம் அத்தியாயம் முழுக்க இதேதான். இந்த அமைப்பை வேரோட பிடுங்கணும்." சற்றுத் தயங்கினார். "வியாழக்கிழமை டேல் சும்மா இருப்பாரா?"

கார்னெல் எழுந்து கைகொடுத்தார். "மீன் படத்தையும் எடுத்துட்டுப் போங்க, டாக்டர்." தொலைக்காட்சியால் முடியாத சமாதானத்தை ஒரு மீன் செய்தது.

தெருவின் குடியிருப்போர் சங்கம் கூடி, "தற்காலிக உரிமையாளர் ஏற்பாட்டுக்கான துணைக்குழு" ஒன்றை அமைத்தது. மீன் வீடு வீடாகப் போனது. ஒவ்வொரு வீட்டிலும் டேல் கதவைத் திறந்தான். ப்ரூவிட்டுக்குச் சந்தேகம் வரவில்லை, மரியாதைதான் வந்தது.

"இதுவும் உங்க வீடா சார்? எப்படி முடியுது உங்களால?"

"காலைல சீக்கிரம் எழுந்திருப்பேங்க," என்றான் டேல். அது பொய்யில்லை.

ப்ரூவிட் இதை மேலிடத்தில் சொன்னார். அந்த வருடம் வங்கியின் ஆண்டு விழாவில் பொறுப்புணர்வு பற்றிப் பேச கார்னெலை அழைக்கவில்லை, டேலை அழைத்தார்கள். கார்னெல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்து, டேலுக்கு உரை எழுதிக் கொடுத்தார்.

சொன்ன மாதக் கடைசிக்குள்ளேயே ஆர்லீன் அரங்கத்தை வாங்கியிருந்தாள். பழுதெல்லாம் பார்த்துத் திறந்த வெள்ளிக்கிழமை, பேட்டை முழுக்கச் சக்கரத்தில் வந்தது. பேராசிரியர் இரண்டு தடவை விழுந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. டேல் தன் மனைவி யுவெட்டோடு வந்திருந்தான். அவள் கறுப்பினப் பெண். இத்தனை மாதம் அவனை உரிமையாளராக வைத்திருந்த தெருவில், அவனுக்கு மனைவி உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை.

"நீங்களும் எங்கயாவது வீடு வாங்கலாமே," என்றாள் ஆர்லீன், பேச்சுக்கு.

"வீடு இருக்குங்கம்மா," என்றாள் யுவெட். பாட்டு மாறியது, டேல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

லவோண்டா சொன்னது அதோடு முடிந்தது. பிறகு நான் டேலைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர்களும் வீட்டின் பேரில் கடன் கேட்டிருந்தார்கள், அதே வங்கியில். ப்ரூவிட் மதிப்பிட வந்த நாள் அந்த வியாழக்கிழமை. டேல் பேராசிரியர் வீட்டில் ப்ரூவிட்டின் சக மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் கதவு திறந்துகொண்டிருந்தான். தன் வீட்டுக் கதவைத் திறந்தது யுவெட். கடன் கிடைக்கவில்லை.