பஜ்ஜிக் கடைக்குப் போன நெட்வொர்க்

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆபீஸ் சர்வர்ல புது வெர்ஷன் ஏத்தணும்.

தொண்ணூறுகளோட பின்பாதி அது. குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டுல, ரெண்டாவது மாடியில, தோல் பையும் பெல்ட்டும் ஏத்துமதி பண்ற ஒரு சின்ன கம்பெனி. பன்னெண்டு கம்ப்யூட்டர். அத்தனைக்கும் சேர்த்து ஒரு சர்வர். கம்பெனியோட எல்லா ஃபைலும் அதுக்குள்ளதான். அதைப் பார்த்துக்கற ஆள் நான். பதவி சிஸ்டம்ஸ் எக்ஸிக்யூட்டிவ். பக்கத்துலயே அடைப்புக்குறி போட்டு ‘தற்காலிகம்’.

அந்த அடைப்புக்குறிதான் என் பிரச்னையே! தாம்பரத்துல எங்க வீட்டுல தட்டுல இட்லி விழறதுக்குள்ள அப்பா ஆரம்பிச்சுடுவாரு.

"என்னடா, பர்மனென்ட் பண்ணிட்டாங்களா? இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு சீசன்டா. பேசாம பாங்க் எக்ஸாம் எழுது."

அப்படி இருக்கும்போது, அன்னைக்குக் காலையில மேனேஜர் தனபால் சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு.

"உங்க புரொபேஷன் இன்னியோட முடியுது. லெட்டர் ரெடி. ரெஜினா மேடம் போன வாரமே டைப் பண்ணி சர்வர்ல வச்சுட்டாங்க. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன்."

எனக்குத் தலைகால் புரியல. அடைப்புக்குறி காலி!

"அப்புறம், அந்த சர்வர் வேலை... சப்ளை பண்ணவங்களோட இன்ஜினியரைக் கூப்பிட்டுடலாமா?"

"எதுக்கு சார்? நான் இருக்கேன்ல! அரை மணி நேர வேலை!"

இப்ப உண்மையைச் சொல்லிடறேன். புது வெர்ஷனோட ஒரு தடி புத்தகம் வந்துச்சு. அதுல, தாம்பரத்துல ரயில் ஏறி குரோம்பேட்டையில இறங்கறதுக்குள்ள எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவுதான் நான் படிச்சிருந்தேன். நடுவுல ஒரே ஒரு ஸ்டேஷன். அதுலயும் பாதி நேரம் நின்னுக்கிட்டு.

ஆனா முதல் பக்கத்துல சொன்னதை ஒழுங்கா செஞ்சிருந்தேன். ‘பழைய செட்டிங் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துப் பத்திரமாக வைக்கவும்.’ முந்தின நாளே எடுத்துட்டேன். ரெண்டு ஓரமும் ஓட்டை போட்ட அந்த அகலமான பேப்பர் இருக்கே, அதுல ஒரு பக்கம். பிரிண்டர் பக்கத்துலயே பத்திரமா வச்சேன்.

மத்தியானம் ஒண்ணரைக்கு சிடியைப் போட்டேன். இந்த சுப காரியத்துக்காக டை வேற கட்டிக்கிட்டு வந்திருந்தேன். நீலக் கோடு ஓடிச்சு. நூறு சதவீதம். சர்வர் அணைஞ்சு, திரும்ப உயிர் வந்துச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

"சார், என் ஃபைலைக் காணோம்!" இது ரெஜினா மேடம்.

"எனக்கும் வரல!" ஸ்டாக் செக்‌ஷன்.

பன்னெண்டு பேரும் ஒவ்வொருத்தரா எழுந்து நின்னாங்க.

சர்வரைப் பார்த்தேன். மத்த கம்ப்யூட்டரோட சேர்க்கற நெட்வொர்க் கார்டே உங்க மெஷின்ல இல்லைன்னு சொல்லுது. இல்லையா? பின்னாடி எட்டிப் பார்க்கறேன், பச்சை லைட் போட்டுக்கிட்டு அங்கேயேதான் இருக்கு!

விஷயம் இதுதான். கார்டை மாட்டின இன்ஜினியர் அதுக்கு நாலு நம்பர் கொடுத்து வச்சிருந்தாரு. புது வெர்ஷன் அந்த நாலையும் துடைச்சுப் போட்டுடுச்சு. நாலும் சரியா இருந்தாதான் கார்டு கண் முழிக்கும். ஒண்ணு தப்பினாலும் பிணம் மாதிரிக் கிடக்கும்.

அதனால என்ன? நான்தான் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேனே! பிரிண்டர் பக்கம் திரும்பினேன். மூலை பளிச்சுனு இருந்துச்சு. அவ்வளவு சுத்தத்தை அந்த ஆபீஸ்ல நான் பார்த்ததே இல்ல.

"முனுசாமி அண்ணா, இங்க இருந்த பேப்பர் எல்லாம் எங்க?"

முனுசாமி அண்ணன் எங்க ஆபீஸ் அட்டெண்டர். ஐம்பது வயசு, நிதானமான ஆள்.

"நீதானே சார் நேத்து சொன்ன? புது சாஃப்ட்வேர் வருது, பழைய குப்பை ஒண்ணு இருக்கக் கூடாது, எல்லாத்தையும் காலி பண்ணுன்னு. இடுப்புல கைய வச்சிகினு சொன்னியே!"

சொன்னேன். இடுப்புல கை வச்சதும் ஞாபகம் வந்துச்சு.

"எங்க போட்டீங்க?"

"போடறதா? ஸ்டேசனாண்ட பஜ்ஜிக் கடை அக்காக்குக் குட்தேன். பெரிய பேப்பர்னா அதுக்கு உசுரு."

இன்ஜினியருக்குப் போன் பண்ணேன். குழந்தைக்கு மொட்டை போட குன்றத்தூர் மலைக்குப் போயிருக்காருன்னாங்க. அதுக்குள்ள தனபால் சார் ரூமை விட்டு வெளிய வந்துட்டாரு.

"என்னங்க, அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாச்சு?"

"ஒரு சின்ன பார்ட் வாங்கணும் சார். இதோ வந்துடறேன்."

"சீக்கிரம். உங்க லெட்டரும் அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டிருக்கு. நாலு மணிக்குள்ள வரலைன்னா நான் ஊருக்குக் கிளம்பிடுவேன். திரும்ப அடுத்த மாசம்தான்."

அடுத்த மாசமா! அதுவரைக்கும் அப்பாவோட இட்லி சாப்பிடணுமா? படியில நான் இறங்கல, உருண்டேன்.

பஜ்ஜிக் கடையில அப்பதான் ஒரு ரயில் கூட்டம் வந்து மொய்ச்சுக்கிட்டிருந்துச்சு. என் கண்ணு எதிர்ல எங்க கம்பெனி ரிப்போர்ட் எல்லாம் வாழைக்காய் பஜ்ஜியோட போய்க்கிட்டிருக்கு.

"அக்கா, அந்தப் பேப்பரை எல்லாம் கொடுங்க! அதுல ஒரு முக்கியமான பேப்பர் இருக்கு!"

அக்கா கரண்டியை நிறுத்தல. "முக்கியமான பேப்பர யாருனா பஜ்ஜி கட்டக் குடுப்பாங்களா?"



"ஒரு தடவை பார்த்துட்டுக் கொடுத்துடறேன் அக்கா."

"பாதி பாதியா கீச்சி அடுக்கி வச்சிகீறேன். நீ கலைச்சேன்னா வியாபார நேரத்துல பேஜாரா பூடும். பஜ்ஜி வாங்கு, பேப்பர் தானா வரும்."

வாங்கினேன். முதல் பொட்டலம், போன வருஷ பெல்ட் ஸ்டாக். ரெண்டாவது, அதோட தொடர்ச்சி. மூணாவதைப் பிரிக்கக் குனிஞ்சப்ப டை நேரா சட்னியில இறங்கிடுச்சு. நாலு, அஞ்சு, ஆறு. கையில இடமில்லாம பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் பஜ்ஜி விநியோகம்!

"இன்னா விசேசம் சார்? கொழந்த பொறந்துகீதா?" ஒருத்தர் கேட்டாரு.

"இனிமேதாங்க!"

ஏழாவது பொட்டலம். கண்டுபிடிச்சுட்டேன்! என் பேப்பரேதான். தலைப்பு இருக்கு, முதல் ரெண்டு நம்பரும் இருக்கு. ஆனா மேல் பாதி மட்டும்தான்.

"அக்கா, இதோட கீழ்ப் பாதி?"

"உனுக்கு முன்னாடி வாங்கினு போனாரே, பச்ச சட்டை. அதோ பார், பஸ்ஸுல ஏறிகினாரு."

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போற பஸ். நல்லவேளை, முன்னாடி ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கிட்டிருந்துச்சு. ஓடிப் போய் ஜன்னலைப் பிடிச்சேன்.

"அண்ணா! உங்க பஜ்ஜியைக் கொஞ்சம் தூக்குங்க!"

பச்சைச் சட்டை பொட்டலத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. "இன்னா மச்சான், டிக்கெட்டுக்குத்தான் செக்கிங்னா பஜ்ஜிக்குமா?"

"பஜ்ஜி வேணாம்ணா! அடியில ரெண்டு நம்பர் இருக்கும். என் வேலையே அதுலதான் இருக்கு!"

என் மூஞ்சியைப் பார்த்து அவருக்கே பாவமாயிடுச்சு. பஜ்ஜியைப் பக்கத்து சீட்டுக்காரர் கையில கொடுத்துட்டு, பேப்பரை வெளிச்சத்துல பிடிச்சாரு. என் கையில இருந்த மேல் பாதி முழுக்க எண்ணெய், பேனா எழுதாது. டையைப் பிடிச்சேன், பேனாவை எடுத்தேன்.

"ஒண்ணு... அப்பால... மூணா எட்டான்னு தெர்லபா. எண்ணெய்ல எழுத்தெல்லாம் ஊறிப் பூட்ச்சு."

"எட்டுதான்," முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னாங்க.

"மூணு!" பின் சீட்டு.

பஸ் ரெண்டா பிரிஞ்சுடுச்சு. கண்டக்டர் விசிலை வாயிலேர்ந்து எடுத்துட்டு வந்தாரு. "குடுய்யா இப்படி. நான் நாள் பூரா நம்பரைத்தான் பார்த்துகினுகீறேன். எட்டு சார், எழுதிக்கோ. பதினெட்டு."

அதுக்குள்ள லாரி ஒதுங்கிடுச்சு. பஸ் கிளம்பிடுச்சு. நானும் கூடவே ஓடறேன்.

"அடுத்த நம்பர்ணா!"

"ஏழு! ஏழு! ஏழுபா!" மொத்த பஸ்ஸும் கத்துச்சு.

மூணரைக்கு சர்வர் முன்னாடி உக்காந்தேன். பேப்பரையும் டையையும் பார்த்து ஒவ்வொரு நம்பரா அடிச்சேன். எல்லாரும் என்னைச் சுத்தி நின்னாங்க. சர்வர் அணைஞ்சுது. முனகுச்சு. எழுந்துச்சு.

"வந்துடுச்சு!" ஸ்டாக் செக்‌ஷன்ல ஒரு சத்தம். பன்னெண்டு ஸ்க்ரீன்லயும் ஃபைல் வரிசையா வந்து நிக்குது! முனுசாமி அண்ணன் விசிலே அடிச்சுட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சுங்க. சத்தியமா சந்தோஷத்துலதான்.

தனபால் சார் வந்து கை குலுக்கினாரு. "சபாஷ்! ஆமா, டையில என்னது?"

"டெக்னிக்கல் நோட்ஸ் சார்."

"அந்த மஞ்சளா இருக்கறது?"

"அதுவும் சார்."

"சரி, லெட்டரை பிரிண்ட் எடுத்துட்டு வாங்க."

ரெஜினா மேடம் என்னவோ தயங்கினாங்க. "இன்னைக்கேவா? திங்கக்கிழமை பார்த்துக்கலாமேப்பா."

"இப்பவே மேடம்! ரெண்டு காப்பி! வீட்டுக்கு ஒண்ணு!"

பிரிண்டர் கரகரன்னு துப்புச்சு. படிக்கக்கூட இல்ல, அப்படியே ஓடிப் போய் மேஜையில வச்சேன். தனபால் சார் ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டு நீட்டினாரு. அப்பதான் படிச்சேன்.

‘ஆவணங்களைக் கையாள்வதில் கவனக் குறைவு காணப்படுவதால், தங்கள் தற்காலிகப் பணிக் காலம் மேலும் மூன்று மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "சார்! பஜ்ஜிக் கடை விஷயம் அதுக்குள்ள உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தனபால் சார் பேனாவை மூடாம நிமிர்ந்து பார்த்தாரு.

"எந்த பஜ்ஜிக் கடை விஷயம்?"

சொன்னேன். என்ன பண்றது? பாதியில நிறுத்த முடியல. கண்டக்டர் வரைக்கும் சொன்னேன்.

அவர் ரெண்டு காப்பியையும் திரும்ப வாங்கி, கிழிச்சு, ரெஜினா மேடத்தைக் கூப்பிட்டாரு. அவங்க தன் சீட்டுல உக்காந்து, சர்வர்லேர்ந்து ஃபைலைத் திறந்து, ‘மூன்று’ங்கறதை அழிச்சு ‘ஆறு’ன்னு அடிச்சாங்க.

நெட்வொர்க் பிரமாதமா வேலை செஞ்சுது.