டிஸ்போசல் ராவுத்தர் ஏறிய விமானம்

உலகத்தில் இதுவரை எத்தனையோ வியாபாரிகள் பிறந்திருக்கிறார்கள். விற்கிற சாமானில் தன் உயிரை முதலில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் விற்ற வியாபாரி, கீரனூர் கடைவீதியில் இருந்த டிஸ்போசல் ராவுத்தர் ஒருவர்தான். இன்னொருவர் உண்டு என்று யாராவது காட்டினால் நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்றதால் டிஸ்போசல் ராவுத்தர். ஊருக்கு வெளியே பொட்டலில் யுத்த காலத்தில் விமானம் இறங்க ஒரு தளம் போட்டிருந்தார்கள். அங்கே கிடந்த கூடாரம், கம்பளி, தகர டின், கம்பி வடம், பாராசூட் துணி எல்லாம் அவர் கடைக்கு வந்து சேர்ந்தன. பறக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கான மஞ்சள் விமானம் ஒன்றும் வந்தது. பறந்து வரவில்லை. மூக்கு நசுங்கி, துணியெல்லாம் கிழிந்து, மாட்டு வண்டிகளில் வந்தது. கடைக்குப் பின்னால் கொல்லையில் அதை நிறுத்தினார். கோழிகள் அதில் முட்டையிட்டன.

நான் அப்போது தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அவர் கடைக்கு எதிர் மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் ராவுத்தர் கடை. நான் சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அன்னவாசலிலிருந்து ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்து, தூளி கட்டப் பாராசூட் துணி கேட்டார்கள். ராவுத்தர் துணியை உத்தரத்தில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு தானே அதற்குள் ஏறிப் படுத்துவிட்டார். அவர் உடம்பு நெல் மூட்டைக்கு ஒரு சுற்று அதிகம்.

"ஆட்டுங்க தம்பி."

"ராவுத்தரே, தூளி பிள்ளைக்குங்க. ஒங்களுக்கு இல்ல."

"எனக்குத் தாங்கினா ஒங்க பிள்ளைக்குத் தாங்கும். சும்மா ஆட்டுங்க."

தகப்பன் ஆட்டினான். அந்தக் காட்சியைப் பார்த்துக் குழந்தை அலறியது. தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். துணியை வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

தண்ணீர் வைக்கத் தகர டின் கேட்டு வருகிறவர்களிடம் உடனே கொடுத்துவிட மாட்டார். அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் அதையே மடக் மடக்கென்று குடிப்பார். "நாளைக்கு வாங்க. நான் கடையில இருந்தா எடுத்துக்கங்க" என்பார். வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஸ்ட்ரெச்சர் விவகாரம்தான் எல்லாவற்றுக்கும் சிகரம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒரு ஸ்ட்ரெச்சர் விலை கேட்டார். ராவுத்தர் அதில் மல்லாந்து படுத்து, மண்டியில் மூட்டை தூக்கும் நாலு பேரைக் கூப்பிட்டு, கடைவீதியின் அந்தக் கோடி வரை தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். குலுங்குகிறதா என்று கவனிப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் தப்பாகிவிட்டது. வழியில் நின்றவர்கள் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்தினார். யாரோ ஓடிப்போய் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி மார்பில் அறைந்துகொண்டு ஓடி வந்து ஸ்ட்ரெச்சர் மேல் விழுந்தார்.

ராவுத்தர் கண்ணைத் திறந்தார். "குலுங்கவே இல்ல. நல்ல சாமான்" என்றார்.

அந்த அம்மாள் அன்று நடுத்தெருவில் பேசியதைப் பத்திரிகையில் போட முடியாது. கம்பவுண்டர் பின்வாங்கிவிட்டார். "பொணம் போன மாதிரி ஆயிருச்சு, இனி இதுல நோயாளி எவன் படுப்பான்?" என்றார். விலைபோகாத அந்த ஸ்ட்ரெச்சர் கடைக்குள்ளேயே தங்கிவிட்டது. மத்தியானத் தூக்கத்துக்கு ராவுத்தர் அதையே கட்டிலாக வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் பைத்தியம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். காரணத்தை டீக்கடைக்காரர் மாரிமுத்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கடை போட்ட புதிதில் அவரும் எல்லா வியாபாரிகளையும் போலத்தான் இருந்திருக்கிறார். கிணறு வெட்டும் கருப்பையா என்பவர் அவரிடம் கம்பி வடம் வாங்கினார். வெளியே கிரீஸ் பூசிப் பளபளவென்று இருந்தது. உள்ளே துரு. ராவுத்தர் பிரித்துப் பார்க்கவில்லை. ஏலத்தில் வந்ததை வந்தபடியே கொடுத்துவிட்டார். வேலை முடிந்து கூடையில் உட்கார்ந்து மேலே வரும்போது, கிணற்று வாய்க்குக் கொஞ்சம் கீழே வடம் அறுந்தது. கருப்பையாவை அடியிலிருந்து எடுத்துவர ஆட்கள் வேறு கயிறு தேட வேண்டியிருந்தது. போலீஸ் ராவுத்தரை ஒன்றும் சொல்லவில்லை. ஊரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

கருப்பையாவின் மனைவி அடைக்கம்மை எங்கள் தெருவில் கடலை மண்டியில் வேலை செய்தாள். தினமும் வேலைக்குப் போகும்போது ராவுத்தர் கடை முன்னால் கொஞ்சம் நிற்பாள். பார்ப்பாள். போய்விடுவாள். திட்டினதில்லை, அழுததில்லை. அவள் நிற்கும்வரை ராவுத்தரும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கடைக்கு வந்த ஆள் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் தெருவே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். ராவுத்தர் அதற்குப் பிறகு கம்பி வடம் மட்டும் யாருக்கும் விற்றதில்லை.

சீனாக்காரன் சண்டை வந்தது. யுத்த நிதிக்காக விமான சாகசம் காட்டப்போவதாக மாட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். அதே பழைய மஞ்சள் விமானங்கள். ராவுத்தர் வீட்டுக் கோழிக்கூண்டின் உடன்பிறப்புகள். இரட்டைத் தட்டு இறக்கை, மேலே மூடாத இரண்டு இருக்கைகள். மூன்று விமானங்கள் ஒரே விமானம்போல் ஒட்டிப் பறக்கும் என்று அறிவிப்பு. கடற்கரை மீமிசலிலிருந்துகூட லாரியில் கூட்டம் வந்தது, கருவாட்டு வாசனையோடு. கூட்டத்தைத் தடுக்கக் கயிறு கட்டுவதும் தண்ணீர்ப் பந்தலும் எங்கள் ஆபீஸ் பொறுப்பு.

சாகசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மூன்றும் பழைய தளத்தில் வந்து இறங்கின. இன்ஜின் சத்தத்தில் வண்டி மாடு ஒன்று மிரண்டு ஓட, வண்டியின் நுகத்தடி ஒரு விமானத்தின் இறக்கைக்குள் மாட்டிக்கொண்டது. மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பி ஒன்று வளைந்து போயிற்று. மெட்ராஸிலிருந்து வேறு கம்பி வரவேண்டும். விடிந்தால் கலெக்டர் வருகிறார். தாசில்தார் முகம் வெளிறிவிட்டது. அப்போது யாரோ கோழிக்கூண்டை ஞாபகப்படுத்தினார்கள்.

தாசில்தார், பைலட், அவருடைய மெக்கானிக், நான் எல்லோரும் ராவுத்தர் கொல்லைக்குப் போனோம். மெக்கானிக் கோழிகளை விரட்டிவிட்டுக் கம்பியைத் தடவிப் பார்த்தார். புதுசுபோல் இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார் ராவுத்தர்.

"தர முடியாதுங்க. கம்பி நான் விக்கிறதில்ல" என்றார்.

"நாட்டுக்காகக் கேக்குறோம்யா! கலெக்டர் வர்றாரு!" என்று தாசில்தார் கத்தினார்.

ராவுத்தர் கம்பியை ஒரு தடவை கையால் நீவிப் பார்த்தார். "சரி, தாரேன். காசு வேணாம். ஆனா இந்தக் கம்பி போற ஏரோப்ளேன்ல நானும் ஏறணும்."

பைலட் சிரித்தார். அவரும் தமிழ்க்காரர்தான், ராணுவத்தில் பறக்கக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "ரெக்கைக்கு ரெக்கை ஒட்டிப் போவோங்க. ஒண்ணு ஆடுனா மூணும் போச்சு. மேல போயி பயந்தீங்கன்னா என்ன பண்றது?"

"பயமாத்தான் இருக்கு. இப்பவே இருக்கு. அதுக்காகத்தான் ஏறணுங்கிறேன்."

பைலட் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். முன் இருக்கை காலியாகத்தான் போகும், எடை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். ராவுத்தரைக் கடலை மண்டிக்குக் கூட்டிப்போய்ப் பெரிய தராசில் ஒரு பக்கம் உட்கார வைத்தோம். மறு பக்கம் மூட்டைகளை அடுக்கினோம். மண்டியே விழுந்து விழுந்து சிரித்தது. அடைக்கம்மை மட்டும் சிரிக்கவில்லை. "எதுக்கு நிறுக்கிறாங்க?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மறுபடி கடலை உடைக்கக் குனிந்துவிட்டாள்.

மறுநாள் பொட்டலில் தலை மேல் தலை. ராவுத்தரின் மனைவி வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து விட்டார். "நான் பாக்க மாட்டேன். எறங்குனதும் சொல்லுங்க, ஏசுறதுக்கு வாரேன்" என்றார். ராவுத்தர் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "புடிங்க தம்பி, காத்துல போயிரும்." தொப்பி என் கையில் சரியாக வந்து சேரவில்லை. நான் கீழே குனிந்து எடுத்தேன்.

மூன்று விமானங்களும் எழும்பி, கண்மாய்க்கு மேலே போய்ச் சேர்ந்துகொண்டு அம்பு முனைபோல் திரும்பி வந்தன. நடுவில் தலைமை விமானம், இடது பக்கம் ராவுத்தர். இறக்கைக்கும் இறக்கைக்கும் இடையே ஓர் ஆள் படுத்தால் இடிக்கும். தாழ்வாகக் கூட்டத்துக்கு மேல் வந்தபோது கம்பிகளில் காற்று அலறியது. இரண்டாம் சுற்றில் இடது விமானம் ஒரு குலுக்குக் குலுங்கிப் பக்கவாட்டில் சரிந்தது. நான் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நேரத்தில்தான் தெரிந்தது. பிறகு விமானம் நிமிர்ந்து பழைய இடத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. வெறும் காற்றுத்தான் என்று அப்புறம் பைலட் சொன்னார்.

இறங்கியதும் ராவுத்தரைத் தூக்கித்தான் இறக்கினார்கள். வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு போய் அந்தக் கம்பியைக் கையால் பிடித்துப் பார்த்தார். கூட்டம் கைதட்டியது. கலெக்டர்கூட எழுந்து நின்று தட்டினார்.

கயிற்றுக்கு அடியில் குனிந்து அடைக்கம்மை வந்தாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் பேசினாள்.

"அம்புட்டு ஒசரம் போயிட்டு வந்துட்டீங்க ராவுத்தரய்யா. எங்க வீட்டு ஆளு ஒரு கெணத்துலருந்து வரலையே."

ராவுத்தர் விமானத்தின் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏசுவதற்கென்று எழுந்து வந்த மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தார். கைதட்டல் மட்டும் நிற்கவே இல்லை. திரும்பி வரும் வழியில் ராவுத்தர் என்னிடம் சொன்னார்: "அந்த வடத்துல மட்டும் நான் ஏறிப் பாக்கலையே தம்பி. இனிமே எதுல ஏறினாலும் அது அப்படியேதான இருக்கும்."

அதற்கப்புறமும் அவர் சாமான்களில் ஏறிக்கொண்டுதான் இருந்தார். அடைக்கம்மையும் கடை முன்னால் நின்றுகொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் நிற்காமல் நேரே கடைக்குள் வந்தாள்.

"ஆட்டுக்குக் கயிறு வேணும்."

ராவுத்தர் இருப்பதில் நல்ல கயிறாக எடுத்தார். தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, மறு நுனியை மாரிமுத்துவிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். மாரிமுத்து இழுக்க, ராவுத்தர் கசாப்புக்கு வரமாட்டேன் என்கிற கிடாபோல் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தார். முகம் சிவந்து வேர்த்துவிட்டது.

"போதும் குடுங்க, ஆட்டுக்குத்தானே" என்றாள். முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரித்தாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், சத்தியமாகச் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம், ராவுத்தர் ஸ்ட்ரெச்சரில் படுத்தவர் அசையாமல் கிடந்தார். மாரிமுத்து டீ கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாருக்கோ ஸ்ட்ரெச்சர் விக்கப் போறாரு போல" என்று சிரித்தார். டீ ஆறியது. கம்பவுண்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்போதும் யாரும் தோள் துண்டை எடுக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் கடையைச் சாத்தவில்லை. ஒரு தடவை ஏமாந்த கடைவீதி அது. "கொஞ்சம் பொறுங்க, எந்திரிச்சிருவாரு" என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் வாசலில் நின்றார்கள். வீட்டுக்குச் சொல்லியனுப்பக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை.

மண்டியிலிருந்து அடைக்கம்மை வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எந்திரிங்க ராவுத்தரய்யா. படுத்துப் பாத்தது போதும், எந்திரிச்சு வாங்க" என்றாள்.

பொழுது சாய்கிற வரைக்கும் நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.