கூரையைப் பிரித்த ரைட்

வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். லிந்துலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில், அழகுமுத்துக் கங்காணியின் காம்பரா அறையிலோ, வெளியே மழை விட்டும் உள்ளே ஒழுகல் விட்டபாடில்லை.

"புதுசா வந்திருக்கிற சின்னதொரைகிட்ட ரெண்டு தகரம் கேளுங்க. தமிழ்லயே கேளுங்க," என்றாள் மனைவி நாகலெட்சுமி.

கங்காணிக்குச் சுருக்கென்றது. துரையிடம் தமிழா? கங்காணிக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தோட்டமே நம்பிக்கொண்டிருந்தது. தெரிந்ததோ ஒரே சொல்: "ரைட்." மஸ்கெலியா பஸ் கண்டக்டரிடம் கேட்டுக் கற்றது. அத்தனை பெரிய பஸ்ஸையே நகர்த்துகிற சொல், ஒரு துரையை நகர்த்தாதா? ஆமாம், சரி, போகலாம், போதும், வலது பக்கம் என எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டிவந்தார். துரை தலை தெரிந்தால் போதும், தமிழை மூட்டை கட்டிவிடுவார்.

பங்களாவுக்குப் போய் மேலே கையைக் காட்டினார். விரல்களை உதறி மழை பெய்வித்தார். துரை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். "ரைட்," என்றார் கங்காணி.

மறுநாள் ஆட்கள் வந்து கூரையை முழுசாகப் பிரித்துவிட்டுப் போனார்கள்.

பதறி ஓடினார். தலைக்கு மேல் கைகளைக் குவித்துக் கூரை காட்டினார். துரை இன்னும் நீளமாகக் கேட்டார். "ரைட், ரைட்." இரண்டு முறை சொன்னால் பஸ் வேகமாகப் போகும்; இதுவும் போனது. சாயங்காலத்துக்குள் கங்காணி குடும்பத்தை, சட்டிபானையும் கோழியுமாக, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் குடிமாற்றிவிட்டார்கள். மடுவத்துக்குச் சுவர் கிடையாது.

"கூரையில்லாத வீடு ஒண்ணு, செவரில்லாத வீடு ஒண்ணு. சம்பந்திய எதுலங்க உக்கார வைக்கிறது? கல்யாணம் நின்னுருச்சுன்னா எம்புள்ள என்ன ஆவா?" என்று நாகலெட்சுமி அழுதுவிட்டாள்.

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் கௌரவம் போன இடம் தெரியவில்லை. கங்காணி நேரே பங்களாவுக்குப் போய்க் கும்பிட்டார்.

"தொரைங்களே, எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. வெள்ளிக்கிழம மகளுக்குக் கல்யாணமுங்க. கூரையப் போட்டுக் குடுங்க."

துரை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். முகம் மலர்ந்துபோயிற்று.

"மிகவும் சந்தோஷம். நாளைக்கே புதிய கூரை போடப்படும். கல்யாணத்துக்கு நானும் வருவேன்," என்றார், நிறுத்தி நிறுத்தி, பாடப்புத்தகத் தமிழில்.

கங்காணி கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வாசல் வரை வந்த பங்களாச் சமையல்காரர் சிவசாமியிடம், துரைக்கு எப்படித் தமிழ் தெரியும் என்று மெல்லக் கேட்டார்.

"தொரைமாருக்கு வைக்கிற தமிழ்ப் பரீட்சைக்குப் படிக்கிறாருங்க கங்காணி. தோட்டத்துலயே தமிழ் தெரியாத ஆளு நீங்க ஒருத்தர்தான்னு, இம்புட்டு நாளும் உங்கமேல பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்தாரு."